தி இங்கிலிஷ் பேஷன்ட்: உருகுகிறவர்களும் தூங்கிவிடுகிறவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தை யாருக்காவது சிபாரிசு செய்தால் இரண்டு விதமான பதில்தான் வருகிறது. ஒன்று, "ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை." இன்னொன்று, "பாதியிலேயே தூங்கிட்டேன்." நடுவில் நிற்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பல வருடங்களாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

படம் எதைப் பற்றியது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1996-ல் வந்த படம். இயக்கியவர் அந்தோனி மிங்கெல்லா. கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் மைக்கேல் ஒண்டாச்சி 1992-ல் எழுதிய, புக்கர் பரிசு பெற்ற நாவல்தான் மூலம்.

இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்கள், இத்தாலி. இடிந்துபோன ஒரு மடாலயத்தில், உடம்பு முழுக்கத் தீயில் வெந்த ஒருவரைக் கனடா நாட்டு நர்ஸ் ஹனா தனியாகக் கவனித்துக்கொள்கிறாள். அவர் தன் பெயரைச் சொல்வதில்லை. பேச்சை வைத்து அவரை இங்கிலிஷ்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர் அல்மாஷி என்ற ஹங்கேரிய நாட்டுப் பாலைவன ஆய்வாளர். போருக்கு முன் எகிப்தில், தன்னோடு வேலை செய்யவந்த ஜெஃப்ரியின் மனைவி கேத்தரினைக் காதலித்தவர். அந்தக் காதல் எப்படி மூன்று பேரையும் அழித்தது என்பது துண்டுதுண்டாக அவர் நினைவிலிருந்து வருகிறது.

மடாலயத்துக்கு இன்னும் இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள். கட்டைவிரல்கள் வெட்டப்பட்ட காரவாஜியோ பழிவாங்க வந்தவன். இன்னொருவன் கிப், அதாவது கிர்பால் சிங். பிரிட்டிஷ் ராணுவத்தில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் சீக்கியன்.

ஒன்பது ஆஸ்கர் வாங்கிய படத்தை இத்தனை பேர் ஏன் வெறுக்கிறார்கள்?

பன்னிரண்டு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, சிறந்த படம், இயக்கம் உட்பட ஒன்பதில் ஜெயித்தது. அந்த எண்ணிக்கையே ஒரு பாரம். "உலகமே அழுததே, நமக்கு ஏன் அழுகை வரவில்லை?" என்ற எரிச்சலோடுதான் பலர் படத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரான 'ஸைன்ஃபெல்ட்' இந்த எரிச்சலை வைத்தே 1997 மார்ச்சில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள் முன்பு, ஒரு அத்தியாயம் செய்தது. அதில் வரும் எலெய்னுக்குப் படம் பிடிக்கவில்லை. அதைச் சொன்ன பாவத்துக்கு நண்பர்கள் முகம் திருப்புகிறார்கள், முதலாளி வேலையைப் பிடுங்கப் பார்க்கிறார். இந்தப் படம் பிடிக்காதவர்களுக்கு எலெய்ன்தான் இன்றைக்கும் தலைவி.

ஆனால் பெருமை உண்டாக்கிய எரிச்சலை மட்டும் காரணமாகச் சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. வெறுக்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால் மூன்று குறைகள் வெளியே வரும்: மெதுவாகப் போகிறது, காதலர்கள் இரண்டு பேரையும் பிடிக்கவில்லை, துரோகத்தைப் படம் அழகாக்கிக் காட்டுகிறது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் அறிந்தேதான் நான் இந்தப் படத்தை நேசிக்கிறேன்.

ரொம்ப மெதுவாகப் போகிறதே?

படம் 162 நிமிடம். நீளத்தைவிட, கதை சொல்லும் வரிசைதான் பலரைச் சோர்வாக்குகிறது என்று நினைக்கிறேன். முதல் காட்சியிலேயே விமானம் சுடப்பட்டு எரிகிறது. அதில் ஒரு பெண் தலை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஏற்கெனவே இறந்துவிட்டாள் என்பது கடைசியில்தான் புரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் முதல் பத்து நிமிடத்திலேயே போய்விடுகிறது. எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்ற ஆவல் பிறந்தவர்களுக்குப் படம் ஓடும், பிறக்காதவர்களுக்கு நகராது.

அப்புறம், எடிட்டிங்கைக் கவனித்துப் பாருங்கள். வால்டர் மர்ச் இதற்கு ஆஸ்கர் வாங்கினார். கணினியில் வெட்டித் தொகுக்கப்பட்ட ஒரு படம் சிறந்த எடிட்டிங் விருது பெற்றது அதுவே முதல்முறை. ஒலிக்கான விருதும் அதே இரவில் அவருக்குக் கிடைத்தது. இத்தாலியிலிருந்து எகிப்துக்குப் போகும் இடங்களில் பெரும்பாலும் ஒரு சத்தம் முன்னால் போய்க் கதவைத் திறக்கும், காட்சி பின்னால் நுழையும். அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

நானும் முதல்முறை தூங்கியவன்தான். இருபத்திரண்டு வயதில், டிவியில், விளம்பரங்களுக்கு நடுவே. பல வருடம் கழித்து அப்பா படுக்கையில் இருந்த மாதங்களில் மறுபடி பார்த்தேன். ஹனா தோட்டத்தில் கிடைத்த பிளம் பழத்தைத் தான் கடித்து, தோலை நீக்கி, அந்த வெந்த வாயில் வைக்கிற காட்சி வந்தது. அன்று காலைதான் நான் ஒரு நுங்கை நசுக்கி ஸ்பூனில் அப்பாவுக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு மேல் அந்தப் படம் எனக்கு மெதுவாகத் தெரியவில்லை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நேரம் அந்த வேகத்தில்தான் போகும்.

காதலர்களைப் பிடிக்கவே இல்லை. கள்ள உறவைத்தானே படம் தூக்கிப் பிடிக்கிறது?

அல்மாஷி இனிமையான ஆள் இல்லை. சிடுமூஞ்சி, கர்வி. எது தனக்குப் பிடிக்காது என்று கேத்தரின் கேட்கும்போது, ஒருவருக்கு ஒருவர் சொந்தமாவதுதான் என்கிறார். அடுத்த கொஞ்ச நாளிலேயே அவளுடைய தொண்டைக் குழிக்கு ஒரு பெயர் வைத்து, தனக்கே என்று உரிமை கொண்டாடுகிறார். அவள் விலகியபின் விருந்தில் எல்லோர் முன்னாலும் குடித்துவிட்டு அவமானப்படுத்துகிறார். இதைப் பார்த்து "இதுவா காதல்?" என்று கேட்கிற பெண்கள் பலர். அவர்கள் கேள்வி சரியானது. படமும் அதைக் கேட்கிறது என்பது என் எண்ணம். எல்லைகளை வெறுக்கிற மனிதன் ஒரு பெண்ணின் உடம்பில் எல்லைக்கோடு போடுகிறான், அதைப் படம் மறைக்கவில்லை.

ஜெஃப்ரியை மறந்துவிடக்கூடாது. காலின் ஃபர்த் அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு வெகுளியாக வருகிறார்! கல்யாண நாளுக்கு மனைவியைத் திடீரென்று சந்தோஷப்படுத்தலாம் என்று வந்தவர், அவள் வேறொருவரிடம் போவதைக் காருக்குள் இருந்தபடி பார்த்துவிட்டு, இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிற காட்சி ஒன்று உண்டு. படம் கள்ள உறவை மட்டும் கொண்டாட நினைத்திருந்தால் அந்தக் காட்சிக்கு வேலையே இல்லை.

நம் இலக்கணக்காரர்கள் அன்பின் ஐந்திணையை ஒரு பக்கம் வைத்து, அளவு மீறிய, பொருந்தாத காமத்தைப் பெருந்திணை என்று தனியே வைத்தார்கள். இந்தக் காதல் அந்த வகை. இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம், பின்பற்றச் சொல்ல முடியாது. மணல்வெளியைப் பார்த்தாலே பிரிவு நினைவுக்கு வருகிற மொழி நம்முடையது என்பதால், கதை எங்கே போய் முடியும் என்று நமக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் உண்மையான காதல் ஹனா – கிப் காதல்தான் என்கிறார்களே?

நானும் அந்தக் கட்சிதான். ஒருவரை ஒருவர் எரிக்காத காதல் அது. ஆரெட்ஸோ நகரத்துத் தேவாலயத்தில் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் சுவரோவியங்கள் இருக்கின்றன. கிப் கயிறு கட்டி, ஹனாவின் கையில் ஒரு தீப்பந்தத்தைக் கொடுத்து, இருட்டில் அவளை அந்தரத்தில் மிதக்கவிட்டு ஓவியங்களைக் காட்டுகிறான். அவள் சிரிக்கிறாள். உயிரைப் பறிக்கிற வேலைகளுக்கு நடுவே, ஒரு பெண்ணைச் சந்தோஷப்படுத்த ஒருவன் கயிறும் கப்பியும் கட்டியிருக்கிறான். படத்தில் எனக்கு மிகப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

நவீன் ஆண்ட்ரூஸின் கிப்புக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம் என்று விரும்பிகளும் வெறுப்பவர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

நாவலைப் படித்தவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். என் மனக்குறையும் இங்கேதான் இருக்கிறது.

நாவலில் கதை 1945 ஆகஸ்ட் வரை போகிறது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த செய்தியைக் கிப் வானொலியில் கேட்கிறான். அதுவரை வெள்ளைக்காரர்களுக்காக, அவர்கள் ஊரில், உயிரைப் பணயம் வைத்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தவன் அவன். துப்பாக்கியை எடுத்துவந்து படுக்கையில் கிடக்கிற நோயாளியின் முன் நிற்கிறான். வெள்ளையர் நாட்டின் மீது இப்படி ஒரு குண்டைப் போட்டிருக்க மாட்டார்கள், அவன் கோபம் சரிதான் என்று காரவாஜியோ நினைக்கிறான். சுடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், ஹனாவையும் விட்டு. பிறகு இந்தியாவில் டாக்டராகிறான்.

படத்தில் இது இல்லை. ஐரோப்பாவில் போர் முடிந்த கொண்டாட்டத்தில், கூட வேலை செய்த சார்ஜென்ட் ஹார்டி கண்ணிவெடியில் இறந்துபோகிறான். கிப் உடைந்துபோகிறான். அப்புறம் வேறு இடத்துக்கு அனுப்பப்படுகிறான். ஹனாவோடு கண்ணீரோடு ஒரு விடைபெறல், அவ்வளவுதான்.

இரண்டு முடிவிலும் பிரிவு இருக்கிறது. ஆனால் நாவலில் அவன் கோபத்தோடு, தன் முடிவாகப் போகிறான். படத்தில் உத்தரவு வந்து போகிறான். ஆசியாவிலிருந்து படிக்கிறவருக்கு இது சின்ன மாற்றம் இல்லை. கதையின் நாலு பேரில் ஒருவனாக இருந்தவன், அடுத்தவர்கள் காதல் கதைக்கு ஓரத்தில் நிற்கிறவனாக ஆகிவிடுகிறான்.

படத்தின் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. திரையில் இரண்டரை மணி நேரம் ஒரு காதலைப் பின்தொடர்ந்த பார்வையாளரிடம், கடைசிப் பத்து நிமிடத்தில் ஹிரோஷிமாவைக் கொண்டுவந்து வைத்தால் அது ஒட்டாது, வேறு படத்தின் ஆரம்பம்போல் ஆகிவிடும். கலை என்ற அளவில் எனக்கு இது புரிகிறது. ஆனாலும் அந்தக் கோபத்துக்கு முன்பே ஒரு விதை படத்தில் போடப்பட்டிருக்கிறது. கிப் நோயாளிக்கு ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் 'கிம்' நாவலைப் படித்துக்காட்டும்போது லாகூரின் ஸம்ஸமா பீரங்கி பற்றி வருகிறது. வீடுவீடாகப் பாத்திரங்களை வாங்கி உருக்கிச் செய்த பீரங்கி, பிறகு தன் மக்களையே சுட்டது என்று கிப் சொல்கிறான். சிரித்த முகத்தோடுதான் சொல்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் நாவலின் கிப் எட்டிப் பார்க்கிறான். விதையை ஊன்றியவர்கள் அதை முளைக்க விட்டிருக்கலாம்.

ஒண்டாச்சியே படத்தை ஏற்றுக்கொண்டாரா?

ஏற்றுக்கொண்டார். படம் உருவாகும்போது மிங்கெல்லாவோடு நெருக்கமாகவே இருந்தார். எடிட்டர் வால்டர் மர்ச்சுடன் ஏற்பட்ட நட்பு, பிறகு 2002-ல் இருவரின் உரையாடல் நூலாகவே வெளிவந்தது. நாவலாசிரியர் ஏற்றுக்கொண்டால் வாசகர்களும் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை, சரிதானே?

அல்மாஷி நிஜ மனிதரா? நாஜிகளுக்கு உதவியவரைக் கதாநாயகன் ஆக்கியது சரியா?

லாஸ்லோ அல்மாஷி உண்மையில் வாழ்ந்தவர். 1895-ல் பிறந்தார். அப்போது ஹங்கேரியில் இருந்த அந்த ஊர் இப்போது ஆஸ்திரியாவில் இருக்கிறது. எகிப்து–லிபியா எல்லையோரமாக உள்ள கில்ஃப் கெபீர் பீடபூமியை 1930-களில் காரிலும் விமானத்திலும் அளந்தவர். ஸெர்ஸூரா என்ற தொலைந்த பாலைவனச் சோலையைத் தேடியவர்களில் ஒருவர். போர் வந்தபோது ஜெர்மன் தரப்பில் தளபதி ரோமெலின் ஆப்பிரிக்கப் படையோடு வேலை செய்தார். 1942-ல் இரண்டு ஜெர்மன் உளவாளிகளைப் பாலைவனம் கடந்து நைல் கரையில் அஸ்யூத் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். போருக்குப் பின் ஹங்கேரியில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். 1951-ல் ஸால்ஸ்பர்க்கில் நோயில் இறந்தார். தீயில் வேகவில்லை. இறந்த காதலியைச் சுமந்து விமானத்தில் பறக்கவும் இல்லை.

படம் வந்தபோதே, அந்தக் காலத்தில் எகிப்தில் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. தங்களுக்குத் தெரிந்த ஒரு ஜெர்மன் உளவுத்துறை ஆளைக் காதல் தியாகி ஆக்கிவிட்டார்கள் என்ற வருத்தம். அது நியாயமான வருத்தம். வேறு பெயர் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. நிஜப் பெயரை எடுத்துக்கொண்டால் நிஜக் கணக்கும் கூடவே வரும்.

கதைக்குள் நடப்பது வேறு. குகையில் காயத்தோடு கிடக்கிற கேத்தரினுக்கு உதவி கேட்டு அவர் மூன்று நாள் நடந்து பிரிட்டிஷ் முகாமுக்கு வருகிறார். பெயரைக் கேட்கிறார்கள். அயல்நாட்டுப் பெயர், போதாததற்குக் கோபம் வேறு. விலங்கு மாட்டி ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். தப்பித்தவர் ஜெர்மானியர்களிடம் பாலைவன வரைபடங்களைக் கொடுத்து, விமானத்துக்குப் பெட்ரோல் வாங்குகிறார். அவர் திரும்பும்போது அவள் உயிரோடு இல்லை. பெயரைச் சொன்னபோது எதிரி என்றார்கள், முகம் வெந்து பெயர் போனபின் இங்கிலிஷ்காரர் என்று பராமரிக்கிறார்கள். தலைப்பின் வலி அதுதான்.

அந்த வரைபடங்களால் எத்தனை பேர் செத்தார்கள் என்று காரவாஜியோ கேட்கிறான். அவனுடைய கட்டைவிரல்கள் போனதே அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியில்தான். நண்பர் மடாக்ஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதையும் அவன்தான் சொல்கிறான். இந்த இடத்தில்தான் பார்வையாளர்கள் பிரிகிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு பெரிதா, முகம் தெரியாத ஆயிரம் பேரின் உயிர் பெரிதா? படம் வாக்கின் பக்கம் சாய்கிறது. அதோடு சாய முடியாதவர்களுக்கு, எவ்வளவு அழகான ஒளிப்பதிவும் உதவாது. என்னைக் கேட்டால், அல்மாஷி செய்தது தவறு. அந்தக் குகையில் நான் ஒருவரை விட்டுவிட்டு வந்திருந்தால், நானும் அதைச் செய்திருப்பேன்.

எகிப்தியர்களும் பெதூயின்கள் என்கிற பாலைவன நாடோடிகளும் வெறும் பின்னணியாகத்தானே வருகிறார்கள்?

ஆமாம். இதற்குப் பதில் வாதம் என்னிடம் இல்லை. எரிந்த மனிதனைக் காப்பாற்றி ஒட்டகத்தில் சுமந்து வருகிறவர்களே பெதூயின்கள்தான். அவர்களில் ஒருவருக்காவது பெயரும் நாலு வரி வசனமும் கொடுத்திருக்கலாம்.

நீந்துபவர்களின் குகை நிஜமா?

நிஜம். கில்ஃப் கெபீரில், வாதி சூராவில் இருக்கிறது. 1933-ல் அல்மாஷி கண்டு சொன்னார். இன்று சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், பாறையில் நீந்துவது போன்ற சின்னச் சின்ன மனித உருவங்கள். படம் தொடங்கிப் பெயர்கள் ஓடும்போது தூரிகை தீட்டுவது அவற்றைத்தான். படத்தில் நாம் பார்ப்பது செட். பாலைவனக் காட்சிகள் டுனீசியாவில் எடுக்கப்பட்டவை. மடாலயம் இத்தாலியின் டஸ்கனியில், பியென்ஸா பக்கத்தில்.

இசை பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

லெபனானில் பிறந்த கேப்ரியல் யாரெட் இசையமைத்தார், ஆஸ்கரும் வாங்கினார். பியானோவில் மேற்கத்திய இசைமேதை பாஹின் சாயல், அதன்மேல் கிழக்கத்திய இழை. ஆனால் நெஞ்சைப் பிடிப்பது ஆரம்பத்தில் வரும் ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டு, மார்த்தா செபெஷ்டியென் குரலில். அரபுப் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். கேத்தரினும் அப்படித்தான் நினைக்கிறாள், அல்மாஷி திருத்துகிறார். நோயாளி யார் என்பதை முதல் நிமிடத்திலேயே பாட்டு சொல்லிவிட்டது, நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

அந்த வருடம் 'ஃபார்கோ'வுக்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்களே?

'ஃபார்கோ' அருமையான படம். இரண்டையும் எடை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "விருதுக்காகவே பெரிய கம்பெனி எடுத்த பிரம்மாண்டம்" என்று இந்தப் படத்தை ஒதுக்குவது தவறு. படப்பிடிப்பு நெருங்கிய நேரத்தில் பணம் போட வேண்டிய ஸ்டுடியோ விலகிக்கொண்டது. கேத்தரின் பாத்திரத்துக்கு இன்னும் பிரபலமான நடிகை வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். கிரிஸ்டின் ஸ்காட் தாமஸ்தான் என்று மிங்கெல்லாவும் தயாரிப்பாளர் சால் ஜேன்ட்ஸும் நின்றார்கள். வேறு நிறுவனம் வந்து கைகொடுத்த பிறகே படம் பிழைத்தது.

கடைசியில் ஹனா செய்வது கொலை இல்லையா?

இதை என்னிடம் கேட்டவர்களில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு அக்காவும் உண்டு. படத்தில் வேறு எதையும் அவர் கேட்கவில்லை, இதை மட்டும்தான்.

ஹனா வழக்கமான மார்ஃபின் ஊசியைத் தயார் செய்கிறாள். அவர் பேசவில்லை. மேஜையில் இருக்கிற மருந்துக் குப்பிகளை, வெந்த விரலால் ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளுகிறார். அவளுக்குப் புரிகிறது, அழுகிறாள். அவர் நன்றி சொல்கிறார். பிறகு அவள் கேத்தரின் குகை இருட்டில் எழுதிய கடைசிக் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டுகிறாள். வரைபடத்தில் அதிகாரம் உள்ளவர்கள் போட்ட கோடுகளில் இல்லை, நாம்தான் நிஜமான நாடுகள் என்று அந்தக் கடிதம் போகிறது. ஹனாவின் குரலும் கேத்தரினின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன.

சட்டப்படி அது என்ன என்று எனக்குத் தெரியும், அந்த அக்காவுக்கும் தெரியும். அவர் சொன்னது இது: "குப்பியைத் தள்ளுற அந்த விரலை நான் பார்த்திருக்கேன் தம்பி. நான் பண்ணல. ஆனா அதுக்கப்புறம் ஒரு வாரம் சாப்பிட முடியல." ஜூலியட் பினோஷ் அந்தக் காட்சியில் அழுதபடியே ஊசியில் மருந்தை ஏற்றுகிறார், கை மட்டும் நடுங்குவதில்லை. பழகிய நர்ஸின் கை அது என்றார் அக்கா. துணை நடிகைக்கான ஆஸ்கர் அறிவிக்கப்பட்டபோது, போட்டியில் இருந்த மூத்த நடிகை லாரன் பகாலுக்குத்தான் கிடைக்கும் என்று தான் நினைத்ததாக பினோஷ் மேடையிலேயே சொன்னார். இந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம்.

எப்படிப் பார்த்தால் நன்றாக இருக்கும்?

போனில் வேண்டாம். ஒளிப்பதிவாளர் ஜான் சீலின் மணல்வெளியை உள்ளங்கை அளவில் பார்ப்பதில் பயனில்லை. நெருக்கமான காட்சிகளும், கட்டைவிரலை வெட்டுகிற காட்சியும் இருக்கின்றன, அதனால் குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள். நாவலைப் படிப்பதாக இருந்தால் படத்துக்குப் பின் படியுங்கள், கிப்பின் கோபம் அப்போது முழுசாகத் தாக்கும். ஒருமுறை பார்த்துத் தூங்கியிருந்தால் உடனே மறுபடி முயற்சி செய்ய வேண்டாம். நான் எடுத்துக்கொண்டது பதினாறு வருடம்.